ரேஷன் கடை உரிமம் ரத்தானால் என்ன செய்வது? நோட்டீஸ் முதல் ஐகோர்ட் வரை

தமிழ்நாட்டில் ரேஷன் கடையைப் பெரும்பாலும் கூட்டுறவு சங்கம் நடத்துகிறது. விற்பனையாளர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர். அதனால் ரேஷன் கடை லைசென்ஸ் வழக்கு நமக்கு அவ்வளவு பழக்கமில்லை. உத்தரப் பிரதேசம், பீகார், கேரளம் போன்ற மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கே ஆயிரக்கணக்கான கடைகள் தனி நபர் பெயரில் இருக்கின்றன. உ.பி. கிராமங்களில் கடைக்காரரை 'கோட்டேதார்' என்பார்கள். அவர் உரிமம் பறிபோனால் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போகும். கடையை நம்பிய ஊரே அந்த மாத அரிசிக்கு அலையும். இரண்டும் சேர்ந்திருப்பதால்தான் இந்த வழக்குகளைக் கவனமாகக் கையாள வேண்டும் என்கிறேன்.

சட்டம் படிக்க ஆரம்பித்தவர்களுக்கும், மூணாறு பக்கம் உறவினர் யாராவது கடை வைத்திருந்தால் அவர்களுக்கும் இது உதவும்.

1. எந்தச் சட்டம் என்று பாருங்கள்

அடிப்படை 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டம். அதன் கீழ் மத்திய அரசு 2015இல் பொது விநியோகக் கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது. கூடவே 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. இவற்றுக்கு மேல் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி ஆணை உண்டு. யார் சஸ்பெண்ட் செய்யலாம், யாரிடம் அப்பீல் போக வேண்டும் என்பதெல்லாம் மாநில ஆணையில்தான் இருக்கும். அதன் நகலை முதலில் கையில் எடுங்கள். உத்தரவில் கையெழுத்திட்டவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். ரேஷன் கடை நடத்துவது யாருக்கும் அடிப்படை உரிமை இல்லை. மத்தியப் பிரதேசத்தில் கூட்டுறவு சங்கங்களுக்கு முன்னுரிமை கொடுத்ததை எதிர்த்துக் கடைக்காரர் சங்கங்கள் உச்ச நீதிமன்றம் போய் 1981இல் தோற்றன. இன்று உணவுப் பாதுகாப்புச் சட்டமே பஞ்சாயத்து, சுய உதவிக் குழு, கூட்டுறவு ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரச் சொல்கிறது. ஆகவே "இது என் பரம்பரைக் கடை" என்ற வாதத்தை நம்பி வழக்குப் போடாதீர்கள். "என்னைக் கேட்காமல் பறித்தார்கள்" என்பதே எடுபடும் வாதம்.

2. வந்த காகிதம் எது?

சோதனைக்கு வந்தவரின் அறிக்கை, சஸ்பெண்ட் உத்தரவு, விளக்கம் கேட்கும் நோட்டீஸ், ரத்து உத்தரவு என நான்கும் வெவ்வேறு. புதியவர்கள் நோட்டீஸை ரத்து உத்தரவு என்று பயந்துபோய் ஐகோர்ட்டுக்கு ஓடுகிறார்கள். நோட்டீஸ் கட்டத்தில் கோர்ட் பெரும்பாலும் "போய்ப் பதில் கொடுங்கள்" என்றே அனுப்பிவிடும்.

காகிதத்தை வாங்கும்போது கையெழுத்துக்குக் கீழே தேதியை எழுதுங்கள். பின்னால் நாள் கணக்கு அதை வைத்துத்தான்.

பிறகு குற்றச்சாட்டை வகைப்படுத்துங்கள். உரிமத்தை ரத்து செய்யத் தகுந்த தவறுகளை உச்ச நீதிமன்றம் 2003 மே 2ஆம் தேதி ஓர் இடைக்கால உத்தரவில் அடுக்கியது: குறித்த நேரத்தில் கடையைத் திறக்காதது, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களிடம் கூடுதல் விலை வாங்குவது, கார்டை வாங்கி வைத்துக்கொள்வது, கார்டில் பொய்யாக எழுதுவது, கள்ளச் சந்தைக்குத் தள்ளுவது. பெரும்பாலான நோட்டீஸ்கள் இவற்றைச் சுற்றியே இருக்கும்.

3. பதில் எழுதுங்கள். வழக்கின் பாதி இங்கேதான்

நான் பார்த்த ஒரு நோட்டீஸில் "பொதுமக்களிடமிருந்து பல புகார்கள் வந்துள்ளன" என்ற ஒரே வரிதான் இருந்தது. எந்தத் தேதி, எந்தக் கார்டு, எத்தனை கிலோ என்று எதுவும் இல்லை. அந்தக் கடைக்காரர் "எல்லாம் பொய்" என்று அதேபோல் ஒரே வரியில் பதில் கொடுத்திருந்தார். அங்கேயே பாதி வழக்கை இழந்துவிட்டார்.

அவர் கேட்டிருக்க வேண்டியது: சோதனை அறிக்கையின் நகல், புகார் மனுக்களின் நகல், கார்டுதாரர்களிடம் வாங்கிய வாக்குமூலங்களின் நகல். கொடுக்காவிட்டால் அதையே பதிலில் பதிவு செய்யுங்கள். அறிக்கையைக் காட்டாமலே ரத்து செய்தார்கள் என்பது மேலே போகும்போது மிக வலுவான காரணம். தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாக ஒரு மனுவும் போட்டு வையுங்கள். அதற்கு 30 நாள் கெடு.

இருப்புக் குறைவு என்று குற்றச்சாட்டு வந்தால் கணக்கைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஓர் உதாரணம்: ஆரம்ப இருப்பு 3 குவிண்டால் 20 கிலோ கோதுமை. வரவு 42 குவிண்டால். மெஷினில் பதிவான விற்பனை 38 குவிண்டால் 65 கிலோ. புத்தகப்படி மீதி 6 குவிண்டால் 55 கிலோ இருக்க வேண்டும். எடை போட்டால் 5 குவிண்டால் 90 கிலோதான் இருக்கிறது. குறைவு 65 கிலோ.

இப்போது சாக்கைப் பாருங்கள். 50 கிலோ சணல் சாக்கின் எடை சுமார் 580 கிராம். கிடங்கில் சாக்கோடு சேர்த்து எடை போட்டு 84 மூட்டை தந்திருந்தால், 48 கிலோ 720 கிராம் சாக்கின் எடை. உண்மையான குறைவு 16 கிலோ சொச்சம். 65 கிலோ திருடியவர் என்ற குற்றச்சாட்டும் 16 கிலோ சிந்திச் சிதறியது என்ற விளக்கமும் ஒன்றல்ல. ஆனால் கிடங்கின் எடைச் சீட்டு இல்லாமல் இந்த வாதத்தை எடுக்காதீர்கள். எடை சாக்கோடா, சாக்கைக் கழித்தா என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

கார்டுதாரர்களிடம் பிரமாணப் பத்திரம் வாங்குவது வழக்கம். ஒரே வாசகத்தை டைப் செய்து ஐம்பது பேரிடம் கைநாட்டு வாங்குவதைவிட, "மார்ச்சில் 25 கிலோ வாங்கினேன், இன்ன தேதி" என்று இரண்டு பேர் சொல்வது மேல். யாரையும் மிரட்டியோ கெஞ்சியோ வாங்காதீர்கள். புகார் உண்மையாக இருந்தால் அந்த வீட்டுக்குச் சேர வேண்டிய தானியத்தை முதலில் கொடுங்கள். ஒரு ஆளுக்கு மாதம் 5 கிலோ என்பது சட்டம் அந்த ஏழைக்குக் கொடுத்த உரிமை.

4. ரத்து உத்தரவு வந்துவிட்டது. இனி இரண்டு கெடிகாரங்கள்

புதியவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். உத்தரவு கையில் கிடைத்த நாளிலிருந்து அப்பீலுக்கு 30 நாள். அதே 2015 ஆணை, உரிமம் ரத்தானால் ஒரு மாதத்துக்குள் புது உரிமம் கொடுக்கச் சொல்கிறது. மக்களுக்குத் தானியம் தடைபடக்கூடாது என்பதற்காக வைத்த விதி, சரியான விதிதான். ஆனால் நீங்கள் 29ஆம் நாள் அப்பீல் போட்டால் அதற்குள் வேறொருவர் கடையில் உட்கார்ந்திருப்பார்.

அதனால் முதல் வாரத்திலேயே அப்பீல் போடுங்கள். அதோடு இடைக்காலத் தடை கேட்கும் மனுவையும் சேர்த்துக் கொடுங்கள். அப்பீல் முடியும் வரை உத்தரவை நிறுத்திவைக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு அதிகாரம் உண்டு.

புதியவர் வந்துவிட்டார் என்றால்? 2015இல் உ.பி. வழக்கு ஒன்றில், பின்னால் நியமிக்கப்பட்டவருக்குத் தனி உரிமை இல்லை, பழையவர் வழக்கில் அவரைச் சேர்த்தே ஆக வேண்டிய கட்டாயத் தரப்பினரும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இதைப் படித்துவிட்டுப் புதியவரைப் பற்றி மூச்சுவிடாமல் மனு போடுகிறவர்கள் உண்டு. அது ஆபத்து. 2022இல் வந்த இன்னொரு உ.பி. வழக்கில், புதிய நியமனத்தை மறைத்துப் பெற்ற உயர் நீதிமன்ற உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தெரிந்ததை மனுவில் எழுதுங்கள். முடிந்தால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

5. ஐகோர்ட்

அப்பீலிலும் தோற்றால் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின் கீழ் ரிட், அதாவது அதிகாரியின் உத்தரவை எதிர்த்து நேராக ஐகோர்ட்டில் போடும் மனு. அப்பீல் போகாமல் நேராக வந்தால் பொதுவாகத் திருப்பி அனுப்புவார்கள். இயற்கை நீதி மீறப்பட்டது (உங்கள் தரப்பைக் கேட்காமலே முடிவெடுத்தார்கள்), அதிகாரமே இல்லாதவர் உத்தரவிட்டார் போன்ற காரணங்கள் இருந்தால் விதிவிலக்கு உண்டு.

ரத்து உத்தரவை இங்கே ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உங்கள் பதிலைப் பரிசீலித்ததற்கு அதில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா? "பதில் திருப்திகரமாக இல்லை" என்று மட்டும் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். உத்தரவில் இல்லாத காரணத்தை அதிகாரி பின்னால் பிரமாணப் பத்திரத்தில் சேர்க்க முடியாது என்பது 1977இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிய விஷயம்.

போலீஸ் வழக்கும் இருந்தால் அதைத் தனியாக நடத்துங்கள். அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் 7ஆம் பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. அதில் விடுதலையானாலும் உரிமம் தானாகத் திரும்பாது.

6. ஜெயித்துவிட்டால்

கோர்ட் பெரும்பாலும் பழைய உத்தரவை ரத்து செய்து "மறுபடி விசாரியுங்கள்" என்று அனுப்பும். அந்த மறுவிசாரணையை அலட்சியப்படுத்தாதீர்கள். இந்த முறை அதிகாரி எல்லா நகலையும் கொடுத்து முறையாகச் செய்வார். உரிமமே திரும்பக் கிடைத்தால், உத்தரவின் சான்றிட்ட நகலோடு போய் மெஷினையும் இருப்பையும் எழுத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். மூட்டைகளைச் சாக்கோடு ஒருமுறை, காலிச் சாக்கைத் தனியாக ஒருமுறை எடை போட்டு, இரண்டையும் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.