ராமானுஜன் புராஜெக்ட்: வருடா வருடம் திரும்பி வரும் தவறுகள்

டிசம்பர் 22 தேசியக் கணித நாள். அது நெருங்கியதும் ஏழாவது, எட்டாவது படிக்கிற பிள்ளைகளிடம் ராமானுஜன் வாழ்க்கையைப் புராஜெக்டாகச் செய்து வரச் சொல்கிறார்கள். சார்ட்டுகள் புதிதாக வருகின்றன, தவறுகள் மட்டும் பழையவை. எழுத்துப்பிழை, கோணலாக ஒட்டிய படம் போன்றவற்றை வகுப்பாசிரியரே பார்த்துக்கொள்வார். யார் கண்ணிலும் படாமல் அடுத்த வருடத்துக்கும் போய்ச் சேர்கிறவற்றைத்தான் இங்கே சொல்கிறேன்.

வாழ்க்கை இருக்கிறது, கணக்கைக் காணோம்

ஈரோட்டில் பிறந்தார், கும்பகோணத்தில் வளர்ந்தார், வறுமை, கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம், இங்கிலாந்துக்குக் கப்பல் பயணம், நோய், மரணம். ஓரத்தில் கட்டம் கட்டி 1729. பெரும்பாலான சார்ட்டுகளில் இருப்பது இவ்வளவுதான். “சரிம்மா, அவர் என்னதான் கண்டுபிடித்தார்?” என்று யாராவது கேட்டால் பிள்ளை அந்தக் கட்டத்தைக் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது. புராஜெக்ட் படுத்துவிடுவது அந்த இடத்தில்தான். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருகிற தவறு இது. பிள்ளைமேல் பிழையில்லை. “கணக்குப் பகுதி கஷ்டம், அது வேண்டாம்” என்று பெரியவர்கள்தான் ஒதுக்கிவிடுகிறார்கள்.

1729 அவருடைய கண்டுபிடிப்பு அல்ல, ஒரு பேச்சில் வந்த எண். லண்டன் புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த டாக்ஸியின் எண் 1729 என்றும் அது ஒரு சுவாரசியமும் இல்லாத எண் என்றும் சொன்னார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற எண்களில் அதுதான் ஆகச் சிறியது என்று ராமானுஜன் பதில் சொன்னார். 1-இன் கனமும் 12-இன் கனமும் சேர்ந்தால் 1729, 9-இன் கனமும் 10-இன் கனமும் சேர்ந்தாலும் 1729. ஆனால் பிரான்ஸில் ஃப்ரெனிக்கல் என்பவர் 1657-லேயே இதைக் குறித்துவிட்டார். “ராமானுஜன் கண்டுபிடித்த எண்” என்று தலைப்புப் போட்டால் அந்தத் தலைப்பே தப்பு.

அந்த இடத்தில் வைக்க நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது, கூட்டல் தெரிந்தால் போதும். ஓர் எண்ணை எத்தனை விதமாகப் பிரிக்கலாம் என்ற கேள்வி அது. நாலு புளியங்கொட்டையை மேசையில் வையுங்கள். நாலும் ஒரே குவியலாக; மூன்றும் ஒன்றும்; இரண்டும் இரண்டும்; இரண்டு, ஒன்று, ஒன்று; நாலும் தனித்தனியாக. மொத்தம் 5 வழி. 5 கொட்டைக்கு 7 வழி, 10-க்கு 42 வழி. 100-க்குப் போனால் 19,05,69,292 வழி! இந்த எண்ணைச் சார்ட்டில் பெரிதாக எழுதுங்கள், பார்க்கிறவர் நின்று படிப்பார்.

அடுத்து 4, 9, 14 ஆகிய மூன்று எண்களை எடுங்கள். விடைகள் 5, 30, 135. மூன்றுமே 5-ஆல் வகுபடும். 4-இல் தொடங்கி ஐந்தைந்தாகக் கூட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் போனாலும் இது மாறாது. மக்மேகன் என்பவர் 200 வரை கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்த பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ராமானுஜன் கண்ணில் பட்டது இது. அதோடு நிற்காமல், என்றைக்கும் அப்படித்தான் வரும் என்று நிரூபித்தும் காட்டினார். ஹார்டியும் அவரும் சேர்ந்து, இப்படி ஒவ்வொன்றாக எண்ணாமலே விடைக்குப் போகும் சூத்திரம் ஒன்றை 1918-இல் வெளியிட்டார்கள்.

பிள்ளைகள் இதில் தவறுகிற இடம் ஒன்று உண்டு. 3+1, 1+3 இரண்டையும் தனித்தனியாக எண்ணிவிட்டால் 4-க்கு 5 வராது, 8 வந்துவிடும். ஒவ்வொரு வரியிலும் பெரிய எண்ணை முதலில் எழுதி இறங்குவரிசையில் போகச் சொல்லுங்கள், சரியாகிவிடும். 9-க்கான 30 வழிகளையும் பிள்ளையே நோட்டில் எழுதட்டும். சார்ட்டுக்கு 4-இன் ஐந்து வழிகள் போதும்.

“கணக்கில் பெயிலானார்”

இல்லை. மற்றப் பாடங்களில்தான்.

“33 வயதில் இறந்தார்”

1920-இல் 1887-ஐக் கழித்தால் 33 வரும். பிறந்தது டிசம்பர் 22, இறந்தது ஏப்ரல் 26. ஆகவே 32.

“முதல் இந்தியர்”

இரண்டு கௌரவங்களைக் குழப்பிக்கொள்வதால் வருகிற தவறு. 1918 மே மாதம் லண்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அதில் அவர் இரண்டாவது இந்தியர். முதலாமவர் பம்பாயைச் சேர்ந்த கப்பல் பொறியாளர் அர்தசீர் கர்செட்ஜி, 1841-இல். அதே 1918 அக்டோபரில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ (கல்லூரி உறுப்பினர்) ஆனார். முதல் இந்தியர் என்பது இதற்குத்தான் பொருந்தும்.

நாமகிரித் தாயாரோடு நிறுத்திவிடுவது

குலதெய்வத்தின்மேல் அவருக்கிருந்த பக்தி உண்மை, அதை எழுதுங்கள். அதற்கு மேல் ஒன்றும் எழுதாவிட்டால் அவர் உழைப்பு மறைந்துவிடும். தாள் விலை கட்டுப்படியாகாததால் சிலேட்டில் போட்டுப் பார்ப்பார், முழங்கையாலேயே அழிப்பார், மறுபடி போடுவார். கடைசியில் தேறிய முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். அவருடைய நோட்டுகளில் நிரூபணங்கள் அதிகம் இல்லாததற்கு இது முக்கியமான காரணம். ஒரு நிஜச் சிலேட்டைக் கொண்டுவந்து சார்ட்டுக்குப் பக்கத்தில் வைத்து இதைச் சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

ஒரே பக்கத்திலிருந்து எடுப்பது

விக்கிப்பீடியாவோ ஏஐயோ, ஒன்றைப் பார்த்து அப்படியே இறக்கிவிடுகிறார்கள். ராமானுஜன் கைப்பட எழுதியதைக்கூடச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. 1913 ஜனவரி 16 அன்று ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தனக்குச் சுமார் 23 வயது என்கிறார். பிறந்த தேதிப்படி அப்போது அவருக்கு 25. ஒவ்வொரு தேதியையும் இரண்டு இடத்தில் பார்த்துவிட்டு, எங்கே பார்த்தோம் என்று நோட்டின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். புராஜெக்டை மதிப்பிட வருகிற ஆசிரியர் கேட்டால் அந்த ஓரக்குறிப்பு கைகொடுக்கும்.

படம்

அவரைப் பற்றி வந்த திரைப்படங்களின் நடிகர் படத்தை ஒட்டிக்கொண்டு வருகிற பிள்ளைகள் உண்டு. கூகுளில் முதலில் வருவதை எடுத்தால் இதுதான் நடக்கும். ஏஐ வரைந்த வண்ணப் படமும் வேண்டாம். அவருக்கு நிஜமான புகைப்படங்கள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும், அதிகம் பரவியிருப்பது பாஸ்போர்ட் படம். அதையே எடுங்கள். தேடல் பக்கத்தில் தெரிகிற சின்னப் படத்தைச் சேமித்து பிரிண்ட் எடுத்தால் முகம் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். படத்தைத் திறந்து முழு அளவில் இறக்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு

மூன்று நிமிடம் கொடுத்தால் பிறப்பிலிருந்து கப்பல் ஏறும்வரை ஒரு நிமிடத்தில் முடியுங்கள். அடுத்த ஒன்றரை நிமிடம் புளியங்கொட்டைக்கு. மிச்சம் அரை நிமிடத்தைக் கேள்விக்கு விடுங்கள். சார்ட்டைப் பார்த்து வாசிக்கக் கூடாது. கொட்டைகளை முதல் நாளே எண்ணி ஒரு சின்ன டப்பாவில் போட்டுவிடுங்கள், 9-க்குக் கேட்டாலும் காட்ட முடிகிற மாதிரி.