பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவது எப்படி: இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வழி

புதிதாக வந்தபோது எட்டாத விலையில் இருந்த ஸ்போர்ட்ஸ் கார், பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கைக்கு அடக்கமான விலையில் விற்பனைக்கு வருகிறது. முதல்முறை வாங்குகிறவர்கள் இடறுவது இங்கேதான். இறங்கியிருப்பது காரின் விலை மட்டும். பிரேக் டிஸ்க், கிளட்ச், சக்கரத்தின் குலுக்கலை அடக்கும் டேம்பர் ஆகியவற்றின் விலை அதோடு சேர்ந்து இறங்கவில்லை. அதனால் இரண்டு கார்களை எடை போடும்போது குதிரைத்திறனை ஓரமாக வையுங்கள். முன்பு வைத்திருந்தவர் எந்தச் செலவை முடித்துவிட்டார், எதை உங்கள் தலையில் கட்டப் போகிறார் என்று பாருங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்தக் கணக்கைப் போடத்தான்.

படி 1: எதற்காகக் கார்?

தினமும் ஓட்டவா, விடுமுறை நாட்களில் மட்டுமா, பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகவா? இதற்கு உண்மையான பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் நெரிசலில் ஓட்டுகிறவருக்குக் கடினமான கிளட்சும் தாழ்வான முன்பக்கமும் சில வாரங்களில் சலித்துவிடும். தடத்தில் ஓட்டுகிறவருக்கு பிரேக்கும் டயரும் தொடர்செலவு. கார் எவ்வளவு வேகம் போகும் என்பதை இந்த இடத்தில் யோசிக்கவே வேண்டாம். இந்த வகுப்பில் எல்லாக் கார்களும் பொதுச்சாலைக்குத் தேவையானதைவிட அதிக வேகம் போகும்.

படி 2: இரண்டு மூன்று மாடல்களை எடுத்து, ஒவ்வொன்றின் பலவீனத்தையும் படியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஒவ்வொரு மாடலுக்கும் பரவலாக அறியப்பட்ட ஒரு பழுது இருக்கும். அது தெரியாமல் பார்க்கப் போனால், பளபளக்கும் பெயின்ட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது.

போர்ஷே 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1997-இல் அறிமுகமான 996 வகையிலும், 2008 வரை வந்த முதல்கட்ட 997 வகையிலும் சாதாரண காரெரா என்ஜின்களுக்குள், கிராங்க் தண்டின் சுழற்சியை வால்வுகளை இயக்கும் தண்டுகளுக்குக் கொண்டுபோகும் ஓர் இடைத்தண்டு உண்டு. அதைத் தாங்கும் பேரிங் உடைந்தால் வால்வுகளின் நேரம் தவறி என்ஜினே நாசமாகிவிடலாம். இதைத்தான் ஐஎம்எஸ் பேரிங் பிரச்சினை என்கிறார்கள். அதே காலத்து டர்போ, ஜிடி3 மாடல்களில் இருப்பது வேறு வகை என்ஜின். அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2009 மாடலாக வந்த இரண்டாம்கட்ட 997-இல் அந்த இடைத்தண்டையே எடுத்துவிட்டார்கள். பழைய என்ஜின்களில் சிலிண்டர் சுவரில் கீறல் விழுவதும் உண்டு. ஒரு பக்க எக்ஸாஸ்ட் குழாய் மட்டும் அதிகமாகக் கரிபிடித்திருந்தால், உள்ளே சிறு கேமரா விட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிஎம்டபிள்யூ எம்3-இல் ஈ46 வகை 2000 முதல் 2006 வரை வந்தது. 3.2 லிட்டர் ஆறு சிலிண்டர் என்ஜின் அருமையானது. ஆனால் பின்சக்கர அமைப்பைத் தாங்கும் சப்ஃபிரேம் உடலோடு சேரும் இடத்தில் தகடு விரிசல் விடும். அதை வெல்டிங் செய்து, பலப்படுத்தும் தகடுகள் வைத்துச் சரிசெய்வார்கள். 2007-இல் வந்த அடுத்த தலைமுறையில் 4.0 லிட்டர் வி8 என்ஜின். அதில் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங்குகள் முன்கூட்டியே தேய்வதாகப் பெயர் உண்டு. பல உரிமையாளர்கள் பழுதாகும்வரை காத்திராமல் மாற்றிவிடுகிறார்கள்.

அதே 2007-இல் வந்தது நிஸான் ஜிடி-ஆர். 3.8 லிட்டர் இரட்டை டர்போ என்ஜின் முன்னால், இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் பின்னால். அந்த கியர்பாக்ஸ் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, திறனைக் கூட்ட என்ஜினில் ஏதாவது மாற்றியிருக்கிறார்களா என்ற இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செவ்ரோலே கார்வெட்டின் ஆறாம் தலைமுறை இசட்06-இல் 7.0 லிட்டரில் 505 குதிரைத்திறன் தரும் என்ஜின். அதன் பலவீனம் வால்வு கைடு, அதாவது வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழல், தேய்வது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி அளந்து சரிசெய்ததற்குப் பில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு இந்த மாடல்களே வேண்டாம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பேரிங் மாற்றிய பில்லோடு வரும் எம்3, மாற்றாததைவிடச் சற்று அதிக விலை சொன்னாலும் எனக்கு அதுதான் லாபமான கார்.

படி 3: காரைப் பார்க்கும் முன் காகிதங்களைப் பாருங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் விழுந்த முத்திரை மட்டும் போதாது, பில்கள் வேண்டும். அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் உள்ள கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டே வாருங்கள். எண்ணிக்கை ஓரிடத்தில் பின்னோக்கிப் போனால் ஓடோமீட்டரில் கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். இரண்டு மூன்று ஆண்டுகள் பில்லே இல்லையென்றால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று நேரடியாகக் கேளுங்கள். காரின் உடற்சட்டத்தில் (சேஸிஸ்) பொறித்த 17 இலக்க அடையாள எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குறைவாக ஓடிய கார் என்றதும் பலரும் மயங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், பெட்ரோல் கெடும், டயர் இறுகும். ஒழுங்காக ஓடி ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட காரையே நான் தேர்ந்தெடுப்பேன்.

படி 4: என்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள்

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் நியாயமானது. இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் காரின் பின்னால் நில்லுங்கள். வேறொருவர் சாவியைத் திருப்பட்டும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. குளிரில் முதலில் வரும் வெள்ளை ஆவி இயல்பானது. என்ஜின் சூடான பின்பும் அது நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. உலோகம் தட்டும் ஓசை சில விநாடிகளில் அடங்குகிறதா, தொடர்கிறதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள்.

பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். டாட் என்ற குறியீட்டு வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் அதன் பிறந்தநாள்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு டயர்களும் நல்ல நிறுவனத்துடையவையாக, ஒரே வகையாக இருந்தால் உரிமையாளர் செலவுக்கு அஞ்சாதவர். முன்னால் ஒரு நிறுவனம், பின்னால் கிடைத்த மலிவு டயர் என்றிருந்தால், கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் அப்படித்தான் மிச்சம் பிடித்திருப்பார். இதைவிடச் சீக்கிரம் உரிமையாளரைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எனக்குத் தெரியாது.

விபத்துத் தடயத்துக்கு, முன்பக்க ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளின் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட்டின் தடிமனை அளக்கும் கருவி இருந்தால் நல்லது. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அது பலமடங்கு கூடினால் அங்கே மறுபூச்சோ புட்டியோ இருக்கிறது. கார்வெட் போன்ற ஃபைபர் கண்ணாடி உடலில் சாதாரணக் கருவி வேலை செய்யாது.

படி 5: ஓட்டிப் பாருங்கள், அதற்கு முன் ஓட்டச் சொல்லுங்கள்

முதல் சில கிலோமீட்டர் விற்பவரே ஓட்டட்டும். எண்ணெய் சூடாகும் முன்பே என்ஜின் சுழற்சி மானியின் சிவப்புக் கோட்டைத் தொடுகிறவராக இருந்தால், உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

உங்கள் முறை வரும்போது உயர்ந்த கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே முழுதாக ஆக்சிலரேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சுழற்சி மட்டும் எகிறி வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. இரட்டை கிளட்ச் என்றால் வேகத்தைவிட ஊர்ந்து போகும்போதும் பார்க் செய்யும்போதும் கவனியுங்கள். உதறல் அங்கேதான் வெளிப்படும். கார்பன் செராமிக் பிரேக் இருந்தால் டிஸ்க்கின் விளிம்பில் சில்லு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் அதை மாற்றும் செலவு இரும்பு டிஸ்க்கைப்போலப் பல மடங்கு.

படி 6: அந்த மாடலை அறிந்த மெக்கானிக்கிடம் விடுங்கள்

விற்பவரின் மெக்கானிக் அல்ல, நீங்கள் பணம் கொடுத்துக் கூப்பிடும் மெக்கானிக். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை, அந்த அழுத்தம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் லீக்-டவுன் சோதனை, காரைத் தூக்கி அடிப்பாகம் பார்ப்பது, கணினியில் பிழைக் குறியீடுகளைப் படிப்பது ஆகிய நான்கும் வேண்டும். போர்ஷே என்றால் ஐந்தாவதாக ஒன்று: அதிகச் சுழற்சிப் பதிவு. மேனுவல் காரில் ஐந்தாவது கியரிலிருந்து நான்காவதுக்குப் பதில் இரண்டாவதில் போட்டுவிட்டால், சக்கரங்களே என்ஜினை எல்லை தாண்டிச் சுழற்றும். எரிபொருளை வெட்டும் லிமிட்டரால் அதைத் தடுக்க முடியாது. அது என்ஜினின் எத்தனையாவது மணிநேரத்தில் நடந்தது என்பதைக் கணினி நினைவில் வைத்திருக்கும். பரிசோதனைக்கு விற்பவர் மறுத்தால் அந்தக் காரை மறந்துவிடுங்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

படி 7: இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள்

கார் ஒன்று 100 பங்கு விலை, ஆனால் கிளட்ச், டயர், பிரேக் எல்லாம் வாசலில் நிற்கின்றன. அதற்கு 25 பங்கு. கார் இரண்டு 115 பங்கு, எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவதுதான் மலிவு. காப்பீட்டுத் தொகையையும் இதே தாளில் சேருங்கள். மாடலைப் பொறுத்து அது பெரிதும் மாறும், ஆகவே பணம் கட்டும் முன்பே கேட்டுவிடுங்கள். எந்தக் காரை எடுத்தாலும் விலையில் 15 முதல் 20 சதவீதத்தைத் தனியே ஒதுக்கி வையுங்கள் என்பது என் ஆலோசனை. அது இல்லாமல் கையிருப்பு முழுவதையும் காருக்கே கொடுப்பதைவிட, ஒரு படி கீழே உள்ள மாடலின் நல்ல காரை வாங்குங்கள்.

சாவி கைக்கு வந்த முதல் வாரத்தில் என்ஜின் எண்ணெய், கியர்பாக்ஸ் எண்ணெய், பிரேக் திரவம், கூலன்ட் நான்கையும் மாற்றி, அன்றைய கிலோமீட்டரோடு பில்லை அந்தக் கோப்பிலேயே சேர்த்து வையுங்கள்.