சஞ்சிகை அட்டை ஒண்ட அலசி எழுதுறது எப்பிடி (மீடியா படிக்கிற புள்ளயளுக்கு)

அட்டைப்படம் பத்தி எழுதச் சொன்னா கனபேர் "கலர் கவர்ச்சியா இருக்கு, எழுத்து பெருசா இருக்கு" எண்டு ரெண்டு வரியோட நிப்பாட்டிருவாங்க. முதல்ல கேக்க வேண்டியது இந்தப் புத்தகம் எப்பிடி ஆக்கள்ட கைக்குப் போகுது எண்டதுதான், மத்ததெல்லாம் அதுக்குப் புறகு.

மட்டக்களப்பு டவுன்லயோ கல்முனையிலயோ ஒரு புத்தகக்கடை வாசல்ல ஒள்ளம் நிண்டு பாருங்க, கயித்துல கிளிப் போட்டுத் தொங்கும், இல்லாட்டி ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி மேல்பக்கம் மட்டும் தெரியிற மாதிரி வச்சிருப்பாங்க, அதாலதான் சஞ்சிகைட பேர் உச்சியில பெருசா வாற. அப்பிடியே கொஞ்சம் தள்ளி நிண்டு கண்ண அரைவாசி மூடிப் பாருங்க. எது மிஞ்சுதோ அதுதான் அந்த அட்டை முதல்ல சொல்ல வாற விசயம். குமுதம் மாதிரி எண்டா பெரும்பாலும் ஒரு நடிகைட முகமும் பேரும்தான் மிஞ்சும். தலை வந்து பேர்ல ஒரு எழுத்த மறைச்சாலும் அவங்களுக்குக் கவல இல்ல, பாதி தெரிஞ்சாலே சனம் கண்டுபிடிச்சிரும், ஆனா புதுசா தொடங்கின சஞ்சிகை அப்பிடிச் செஞ்சா நட்டம்.

மறுகா கண்ணப் பாருங்க, படத்தில இருக்கிற ஆள் உங்கள நேர பாக்கிறாரா, வேற பக்கமா? நேர பாத்தா கடந்து போறவன நிப்பாட்டத்தான். பக்கத்தில கிடக்கிற சின்ன வரிகள்ல எங்க கேள்விக்குறி போட்டிருக்கு, எந்த விசயத்த பாதியில விட்டிருக்கு எண்டும் குறிச்சுக்கொள்ளுங்க. விலை, பார்கோட் எல்லாம் ஒரு வரி போதும்.

இப்ப மல்லிகைய எடுங்க. 1966ல டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில தொடங்கின சஞ்சிகை, அட்டையில ஒரு எழுத்தாளர்ட இல்லாட்டி கலைஞர்ட படம், உள்ள அந்த ஆளப் பத்தி ஒரு கட்டுரை. ஜீவா தானே கையில கொண்டு திரிஞ்சு வித்தவர், அப்ப அந்த அட்டை தூரத்தில இருந்து சனத்தக் கூப்பிடத் தேவையில்ல, அதுட வேலை நம்மட ஆள் ஒருத்தர கனம்பண்ணுற. நடிகை இருக்கிற இடத்தில எழுத்தாளன வச்சதே பெரிய முடிவு. இத "டிசைன் சாதாரணம்" எண்டு எழுதிறவங்களுக்கு நானெண்டா மார்க்ஸ் போடமாட்டன்.

சும்மா ஒரு அட்டைய மட்டும் வச்சு எழுதாம ரெண்ட பக்கத்தில வச்சுப் பாக்கிறது இன்னும் நல்லம். அமெரிக்காவில 1994 ஜூன்ல ஓ. ஜே. சிம்சன் எண்ட பழைய ஃபுட்பால் வீரர் கொலை வழக்கில பிடிபட்ட நேரம், பொலிஸ் எடுத்த ஒரே ஃபோட்டோவ டைம், நியூஸ்வீக் எண்ட ரெண்டு சஞ்சிகைக்காரரும் அதே கிழமை அட்டையில போட்டாங்க, நியூஸ்வீக் உள்ளபடியே விட்டது, டைம் முகத்த நல்லா இருட்டாக்கிப் போட்டது, கறுப்பின ஆள வழக்கு முடிய முந்தியே குற்றவாளியாக் காட்டுறாங்க எண்டு பெரிய சண்டையாப் போச்சு. ரெண்டும் கடையில பக்கத்தில பக்கத்தில கிடந்ததாலதான் சனத்துக்கு அது பிடிபட்டது. நெஷனல் ஜியோகிரபிக் 1982 பெப்ரவரியில குறுக்கா எடுத்த படத்த நெட்டுக்குத்தான அட்டைக்குள்ள அடக்க கொம்பியூட்டர்ல பிரமிட்ட நகத்தினது, அதுக்கும் ஏச்சு வாங்கினவங்க. ஆகவே படம் எப்பிடி வெட்டுப்பட்டிருக்கு, வெளிச்சம் மாறியிருக்கா எண்டும் பாருங்க.

எழுதக்குள்ள கண்ட ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில "ஆருக்காக?" எண்டு கேட்டு அதுக்குப் பதில் எழுதுங்க. சிவப்பு எண்டா கோபம், பச்சை எண்டா இயற்கை எண்டு மனப்பாடம் பண்ணின பட்டியல் வேண்டாம், டைம்ட சிவப்பு போர்டர் 1927ல இருந்து கிடக்கு, அது கோபமில்ல, அடையாளம்.

பழைய இலங்கைச் சஞ்சிகையள் கனக்க "நூலகம்" எண்ட இணையத்தளத்தில ஸ்கேன் பண்ணிக் கிடக்கு, காசு இல்ல, மல்லிகையில ஒரு வருசத்து இதழ்கள வரிசையா எடுத்து அட்டையில ஆருக்கு இடம் குடுத்திருக்கு, ஆருக்குக் குடுக்கல்ல எண்டு பாத்துத் தொடங்குங்க.