ஆங்கிலத்தை இறந்தகாலத்தில் தொடங்குங்கள்

ஆங்கிலம் கற்க வரும் பெரியவர்களிடம் நான் முதலில் கொடுப்பது ஒரு வெள்ளைத்தாள். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'போ' என்ற சொல்லின் இறந்தகால வடிவங்களை எழுதச் சொல்வேன். போனேன், போனோம், போனாய், போனீர்கள், போனான், போனாள், போனார், போனார்கள், போனது, போயின. மொத்தம் 10. வலப்பக்கம் இந்தப் பத்துக்கும் ஒரே சொல்தான்: வென்ட். ஐ வென்ட், வீ வென்ட், யூ வென்ட், ஹீ வென்ட், ஷீ வென்ட், தே வென்ட். மளிகைக்கடை நடத்தும் ஓர் அம்மா பத்து வரியிலும் 'வென்ட்' என்று எழுதி முடித்துவிட்டு, வேறு ஏதாவது இருக்கிறதா என்று தாளைத் திருப்பிப் பார்த்தார். இல்லை அம்மா, அவ்வளவுதான் என்றேன்.

பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தில் தொடங்குகின்றன. இடறி விழும் இடமே அதுதான்: 'ஐ கோ' என்றவர் 'ஹீ கோஸ்' என்று மாற்றிச் சொல்ல வேண்டும். வாயைத் திறப்பதற்கு முன்பே தப்பாகிவிடுமோ என்ற பயம் வந்துவிடுகிறது. இறந்தகாலத்தில் அந்தப் பயத்துக்கே இடமில்லை.

முதல் படி: பத்து வினைகள்

போ – வென்ட், வா – கேம், சாப்பிடு – ஏட், பார் – ஸா, கொடு – கேவ், எடு – டுக், சொல் – செட், வாங்கு – பாட், செய் – டிட், தூங்கு – ஸ்லெப்ட். இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும், வேறு வழியில்லை. இரவு படுக்கும் முன் அன்று நடந்ததை ஐந்து வாக்கியங்களில் வாய்விட்டுச் சொல்லுங்கள். "ஐ பாட் ரைஸ். மை சன் கேம். ஹீ ஏட். ஹீ ஸ்லெப்ட்." பார்த்தீர்களா, ஒரு வீட்டின் மாலைப்பொழுது முழுவதும் வந்துவிட்டது.

மற்ற வினைகளில் மிகப் பல, கடைசியில் 'எட்' சேர்த்தாலே இறந்தகாலமாகிவிடும்: குக் – குக்ட், வாக் – வாக்ட். கட், புட், ஷட் போன்ற சில அதுகூட இல்லாமல் அப்படியே நிற்கும். ஆளுக்கேற்ப மாறுவது ஒன்றே ஒன்று: ஐ வாஸ், யூ வேர். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: 'இல்லை' சொல்வது

தமிழர்கள் அதிகம் தவறும் இடம் இது. ஆனால் நமக்கு மிக எளிதாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். 'நான் போகவில்லை' என்பதற்கு 'ஐ டிட் நாட் வென்ட்' என்று சொல்லிவிடுகிறோம். 'டிட் நாட் கோ' என்பதே சரி.

ஏன் என்று தமிழிலேயே பாருங்கள். நான் போனேன், அவன் போனான், அவர்கள் போனார்கள். எதிர்மறையாக்கினால்? நான் போகவில்லை, அவன் போகவில்லை, அவர்கள் போகவில்லை. 'ஏன்', 'ஆன்', 'ஆர்கள்' என்று ஆளைக் காட்டும் விகுதிகள் எல்லாம் எங்கே போயின? 'போனேன் இல்லை' என்று நாம் சொல்வதில்லை. 'இல்லை' வந்ததும் வினை தன் அலங்காரங்களைக் கழற்றி வைத்துவிட்டு 'போக' என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் 'டிட்' வந்தவுடன் 'வென்ட்' தன் இறந்தகாலத்தை அதனிடம் கொடுத்துவிட்டு 'கோ' ஆகிவிடுகிறது. கேள்வியிலும் அப்படியே: டிட் யூ கோ? டிட் ஷீ கோ? 'போகவில்லை' என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு சொன்னால் 'வென்ட்' தானாகவே விலகும்.

மூன்றாம் படி: வில், கேன், மஸ்ட்

நான் போகலாம், அவள் போகலாம். நான் போக வேண்டும், அவள் போக வேண்டும். இவற்றைப் போலவே வில், கேன், மஸ்ட் மூன்றும் யாருக்காகவும் மாறுவதில்லை. ஐ வில் கோ, ஷீ வில் கோ. பத்து வினைகளோடு இவற்றைச் சேர்த்தால் நாளைய திட்டத்தையும் பேசலாம்.

நான்காம் படி: மனிதர்களும் பொருட்களும்

இந்தியில் புத்தகம் பெண்பால், வீடு ஆண்பால். ஜெர்மனில் சிறுமியைக் குறிக்கும் சொல்லே பெண்பால் அல்ல. ஆங்கிலத்தில் அவன் ஹீ, அவள் ஷீ, நாற்காலியும் மழையும் இட். உயர்திணை, அஃறிணை படித்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. 'நல்ல பையன், நல்ல பெண்' போலவே 'குட் பாய், குட் கேர்ள்', அடைமொழியும் மாறாது.

'யூ' பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாமனாரிடமும் மேலதிகாரியிடமும் 'யூ' என்று சொல்லப் பலருக்கு நாக்குக் கூசுகிறது. 'யூ' என்பது 'நீ' மட்டுமல்ல, அதுவே 'நீங்கள்'. ஒருமைக்கென்று 'தௌ' என்ற சொல் ஒருகாலத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. அது பொது வழக்கிலிருந்து மறைந்தபோது, மரியாதைக்குரிய 'யூ'தான் எல்லோருக்கும் நிலைத்தது. தயங்காமல் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: அந்த 'எஸ்'

மூன்று வாரம் இப்படிப் பேசிப் பழகிய பிறகு நிகழ்காலத்துக்கு வாருங்கள். ஹீ, ஷீ, இட் வரும்போது மட்டும் வினையின் கடைசியில் 'எஸ்' ஒலி: ஹீ ஈட்ஸ், ஷீ ஸ்லீப்ஸ். பேச்சில் அது விட்டுப்போனாலும் கேட்பவருக்குப் புரியும். நிறுத்தாமல் வாக்கியத்தை முடியுங்கள். எழுதும்போது மட்டும் ஹீ, ஷீ, இட் என்ற சொற்களின் கீழ் பென்சிலால் கோடிட்டு, அடுத்து வரும் வினையை ஒருமுறை சரிபாருங்கள்.