முகப்பருவுக்கு ஹோர்மோன் குளிசை: தொடங்குமுன் விடும் பிழைகள்

வயது இருபத்தைந்து தாண்டியும் சிலருக்குப் பரு நிற்பதில்லை. தாடை ஓரத்தில், நாடியில், கழுத்தின் மேற்பக்கத்தில் வரும். மாதவிடாய்க்கு ஒரு கிழமை இருக்கும்போது தோலுக்குக் கீழே கட்டியாகத் திரளும், தொட்டால் நோகும். அடங்கிய பிறகும் கறுத்த அடையாளம் மாதக்கணக்கில் கிடக்கும். கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ இப்படி ஒரு முகத்தோடு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு ஊரே வைத்தியம் சொல்லும். எண்ணெய்ச் சாப்பாட்டை விடு, கிணற்றுத் தண்ணியில் முகம் கழுவாதே, கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்பார்கள். அவள் எல்லாவற்றையும் செய்து பார்ப்பாள். பரு அப்படியே இருக்கும்.

பெண் உடலிலும் சிறிதளவு சுரக்கும் அன்ட்ரஜன் ஹோர்மோன்கள் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுவதால் வருவது இது. பலருக்கு இரத்தத்தில் ஹோர்மோன் அளவு சரியாகவே இருக்கும். சுரப்பிதான் அதற்குக் கூடுதலாக வேலை செய்யும். ஆகவே 'ரிப்போட் நோர்மல், ஹோர்மோன் பிரச்சினை இல்லை' என்று கதையை முடிக்க முடியாது. மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது என்றால் மட்டும் சினைப்பை நீர்க்கட்டி நோயையும் சேர்த்துத் தேட வேண்டும்.

இதற்குப் பயன்படும் ஹோர்மோன் மருந்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஸ்பைரோனோலக்டோன். பிரஷருக்கும் இதய நோய்க்கும் உடலில் நீர் தேங்குவதற்கும் நெடுங்காலமாகக் கொடுக்கப்பட்டு வருவது. அன்ட்ரஜனைத் தடுப்பதால் பருவுக்கும் எழுதுகிறார்கள். மற்றது ஈஸ்ட்ரஜன், புரொஜெஸ்டின் என்ற இரண்டு பெண் ஹோர்மோன்கள் சேர்ந்த குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. பருவுக்கு என்றால் இரண்டும் பெண்களுக்கு மட்டுமே. அக்காவின் குளிசையை எடுத்துப் போடும் தம்பிமாருக்கு ஒரு சொல்: ஸ்பைரோனோலக்டோன் ஆண்களுக்கு மார்பை வீங்கச் செய்யும்.

நம்மிடத்தில் அதிகம் நடக்கும் பிழை, மருந்தை வைத்தியரிடம் அல்லாமல் பார்சலில் வாங்குவது. கனடாவில் இருக்கும் சித்தியின் மகளுக்கு முகம் தெளிந்துவிட்டது. வட்ஸ்அப்பில் முன்னும் பின்னுமாக இரண்டு படம் வருகிறது. அடுத்த முறை ஊருக்கு வருபவரின் சூட்கேசில், பால்மாவுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவே, பாதி தீர்ந்த ஒரு குளிசைப் போத்தலும் வருகிறது. பாசத்தோடு அனுப்பியதுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அங்கே குளிசை எழுதுமுன் அவளுடைய பிரஷர் என்ன, சிறுநீரகம் எப்படி, வேறு என்ன மருந்து எடுக்கிறாள், கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டா என்று கேட்டிருப்பார்கள். போத்தலோடு அந்தக் கேள்விகள் வருவதில்லை.

சிறுநீரகம் பற்றி வன்னியில் இருப்பவர்களுக்குத் தனியாகவே சொல்ல வேண்டும். ஸ்பைரோனோலக்டோன் பொற்றாசியத்தை உடலில் தங்கவைக்கும்; அது அளவு மீறினால் இதயத் துடிப்பு குலையும். சிறுநீரகம் நன்றாக இருக்கும் இளம்பெண்ணுக்கு இது பெரும்பாலும் பிரச்சினையாவதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அடிக்கடி இரத்தம் எடுத்துப் பொற்றாசியம் பார்க்கத் தேவையில்லை என்றுதான் அமெரிக்கத் தோல் வைத்தியர்களின் வழிகாட்டுதலும் சொல்கிறது. ஆனால் அது சிறுநீரகத்தில் குறையில்லாத ஆளுக்குச் சொன்னது. காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் வெளிப்பட்டது. அதை ஒட்டிய வவுனியா மாவட்டத்திலும் அந்த நோயாளிகள் இருக்கிறார்கள். தொடக்கத்தில் அந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது. வீட்டில் அப்பாவோ மாமாவோ டயலிசிசுக்குப் போகிறார் என்றால், அல்லது அந்த நோய் உள்ள பகுதியில் பிறந்து வளர்ந்தவர் என்றால், முதல் குளிசைக்கு முன் இரத்தத்தில் சீரம் கிரியற்றினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பொற்றாசியமும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வழிகாட்டுதல் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் எங்களுக்கு அது வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். சின்னச் சோதனைதான், தவறவிட்டால் இழப்பு பெரியது.

இதோடு சேர்ந்த இன்னொன்று. வயல் வேலை முடித்து நாரிப்பிடிப்புக்கு டைக்லோபெனாக் போடுவது, தலையிடிக்கு இபுபுரோபென் போடுவது இங்கே சாதாரணம். ஸ்பைரோனோலக்டோன் எடுப்பவர் இவற்றைத் தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகத்துக்கும் பொற்றாசியத்துக்கும் கூடாது, பரசிற்றமோல் போதும். லோசாட்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் குளிசைகளும், சலக்கடுப்புக்குக் கொடுக்கும் கோட்ரைமொக்சசோலும் பொற்றாசியத்தைக் கூட்டக்கூடியவை. வயிற்றோட்டமோ வாந்தியோ கடுங்காய்ச்சலோ வந்து உடல் வற்றும் நாட்களில் ஸ்பைரோனோலக்டோனை நிறுத்திவைத்து வைத்தியரைக் கேளுங்கள். இளநீர் குடிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. இளநீரில் பொற்றாசியம் நிறைய. சிறுநீரகம் நல்ல நிலையில் இருந்தால் இடைக்கிடை ஒன்று குடிப்பதால் ஒன்றும் ஆகாது. பங்குனி வெயிலுக்கு நாளுக்கு மூன்று நான்கு என்று குடிப்பவர் வைத்தியரிடம் அதைச் சொல்ல வேண்டும்.

சிறிய பக்க விளைவு என்று எழுதப்படுவது வாழும் இடத்தைப் பொறுத்துப் பெரிதாகும். ஸ்பைரோனோலக்டோன் அடிக்கடி சலம் போகச் செய்யும், சிலருக்குத் தலைசுற்றும், மாதவிடாய் ஒழுங்கு குலையும், மார்பு நோகும். வீட்டில் இருப்பவருக்கு இது சமாளிக்கக்கூடியது. ஆடைத் தொழிற்சாலையில் 'லைன்' ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போகத் தயங்கும் பிள்ளை என்ன செய்வாள்? தண்ணி குடிப்பதை விட்டுவிடுவாள். அதுதான் இந்த மருந்தோடு செய்யக்கூடாத காரியம். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். எந்த நேரம் குளிசை போடுவது, எவ்வளவில் தொடங்குவது என்பதை அதற்கேற்ப மாற்றலாம். பொதுவாக 50 மில்லிகிராமில் தொடங்கி 100 வரை கூட்டுவார்கள். தாங்காதவருக்கு 25 இலும் தொடங்கலாம்.

இனிக் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை. இதில் பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் பயப்படத் தேவையில்லாததற்குப் பயப்படுகிறோம். 'கலியாணத்துக்கு முந்தி இதைப் போட்டால் பிறகு பிள்ளை தங்காது' என்ற பேச்சு இல்லாத கிராமம் இல்லை. அது உண்மையல்ல, குளிசையை நிறுத்தியதும் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். 'உடம்பு ஊதும்' என்பதும் ஆய்வுகளில் அப்படி நிரூபணமாகவில்லை. உண்மையான ஆபத்து இரத்தக் குழாய்க்குள் இரத்தம் உறைந்து கட்டுவது. குளிசை எடுக்காத, கர்ப்பமில்லாத 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 பேருக்குக் காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டும். புரொஜெஸ்டினில் பல வகை உண்டு: லெவொநோர்ஜெஸ்ட்ரெல் என்ற வகை சேர்ந்த குளிசை எடுப்போரில் அது 5 முதல் 7. ட்ரோஸ்பிரெனோன் சேர்ந்ததில் 9 முதல் 12. பருவுக்கென்று பெயர்பெற்ற சைப்ரொட்டெரோன் குளிசையும் ட்ரோஸ்பிரெனோனுக்குக் கிட்டத்தான். அதைப் பருவுக்கு முதல் மருந்தாகக் கொடுக்கக்கூடாது, பூச்சும் அன்ரிபயோற்றிக்கும் பலிக்காத பிறகே கொடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013 இல் வரையறுத்தது. கர்ப்பமாக இருக்கும்போது இரத்தம் கட்டும் ஆபத்து இவை எல்லாவற்றையும்விட அதிகம் என்பதையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எனவே எண் சிறியது. ஆனால் யாருக்கு அது பெரிதாகும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். முன்பு இரத்தம் கட்டியவர், நெருங்கிய உறவில் இளவயதில் கட்டியவர்கள் உள்ளவர், பிரஷர் உள்ளவர், 35 வயதுக்கு மேல் புகைப்பவர், பிள்ளை பெற்று ஆறு கிழமை ஆகாதவர் முதலில் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதில் அதிகம் தவறிப்போவது தலையிடி. கண் முன்னே மின்னல்போல் கோடு ஓடிப் பிறகு ஒரு பக்கம் இடிக்கும் ஒற்றைத் தலையிடி உள்ளவர் ஈஸ்ட்ரஜன் சேர்ந்த குளிசை எடுக்கக்கூடாது. பக்கவாத ஆபத்து உண்டு. வெயிலில் வரும் தலையிடி என்று நினைத்து அதை யாரும் சொல்வதில்லை. குளிசை எடுக்கும் காலத்தில் ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் நொந்தால், அல்லது திடீரென மூச்சு முட்டினால், 'கொழும்பு பஸ்ஸில் ஏழெட்டு மணித்தியாலம் இருந்து வந்தேன், அதுதான்' என்று எண்ணெய் தடவிப் படுக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

காசநோய்க்கு ரிபாம்பிசின் எடுப்பவருக்கும், வலிப்புக்கு பினிற்றோயின் அல்லது காபமசெப்பின் எடுப்பவருக்கும் இந்தக் குளிசை சரியாக வேலை செய்யாது. பருவுக்குக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் என்ற அன்ரிபயோற்றிக் அப்படிக் கெடுப்பதில்லை.

குடும்பக்கட்டுப்பாட்டு முறைகள் எல்லாம் ஒரே மருந்து என்று நினைப்பதும் பிழை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டிப்போ ஊசியிலும் கையில் வைக்கும் ஜடெல் குச்சியிலும் ஈஸ்ட்ரஜன் இல்லை; புரொஜெஸ்டின் மட்டுமே உண்டு. இவை சிலருக்குப் பருவைக் கூட்டும். ஜடெல் வைத்த சில மாதத்தில் முகம் முழுக்கப் பரு போட்டால் இரண்டையும் சேர்த்து யோசியுங்கள். அதற்காகக் கோபத்தில் உடனே எடுத்துவிட்டு, வேறு பாதுகாப்பும் இல்லாமல் இருக்க வேண்டாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் பேசினால் கருப்பைக்குள் வைக்கும், ஹோர்மோன் இல்லாத செப்பு லூப் போன்ற வழிகள் உண்டு. அரச கிளினிக்கில் கிடைக்கும் லெவொநோர்ஜெஸ்ட்ரெல் கூட்டுக் குளிசையும் பருவைக் குறைக்கக்கூடியது. விலை கூடிய பெட்டிதான் வேலை செய்யும் என்று கடன் வாங்க வேண்டாம்.

பெயர் ஒட்டாத கிறீமும் இந்தக் கணக்கில் சேரும். சிறிய பிளாஸ்ரிக் டப்பா, வெள்ளை அல்லது இளமஞ்சள் களிம்பு, மூன்று நாளில் முகம் பளபளக்கும். அப்படிப் பளபளத்தால் உள்ளே ஸ்டீரொயிட் இருக்கலாம். நிறுத்தியதும் பரு பழையதைவிடப் பொங்கும். தோல் மெலிந்து சிவக்கும். வெளுப்பூட்டும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் இருந்திருக்கிறது. அது சிறுநீரகத்தைப் பழுதாக்கும். அதைப் பூசிக்கொண்டே ஸ்பைரோனோலக்டோனும் எடுப்பது ஒரே சிறுநீரகத்தின் மேல் இரண்டு சுமை ஏற்றுவது. கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள்.

கிளினிக் அறையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வயதுப் பிள்ளை கதிரையில் இருப்பாள். பக்கத்தில் அம்மா. வைத்தியர், 'பிள்ளை தங்குறதுக்கு வாய்ப்பு ஏதும் இருக்கா?' என்று கேட்பார். பிள்ளை வாய் திறக்குமுன் அம்மா சொல்லிவிடுவார்: 'அவள் இன்னும் கலியாணம் கட்டேல்லை, டொக்டர்.' கேள்வி அங்கேயே நின்றுவிடும். இது ஒழுக்கம் பற்றிய கேள்வியே இல்லை. ஸ்பைரோனோலக்டோன் எடுக்கும்போது கருத்தரித்தால் ஆண் சிசுவின் உறுப்பு வளர்ச்சி குலையலாம், அதற்காகவே கேட்கிறார்கள். அம்மாமாரே, இரண்டு நிமிடம் வெளியே இருங்கள். உங்கள் பிள்ளையின் நன்மைக்குத்தான்.

பலன் எப்போது தெரியும் என்பதில்தான் அதிகம் பேர் மனம் தளர்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களை வைத்துச் செய்து 2023 இல் வெளியான ஆய்வொன்றில், 12 ஆவது கிழமையில் ஸ்பைரோனோலக்டோன் எடுத்தவர்களில் 72 சதவீதமும் வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் 68 சதவீதமும் பரு குறைந்ததாகச் சொன்னார்கள். பெரிய வித்தியாசமில்லை. 24 ஆவது கிழமையில் அது 82க்கு 63 ஆனது. அதாவது மூன்று மாதத்தில் 'இது சரிவராது' என்று நிறுத்துபவர் மருந்து வேலை தொடங்கும் நேரத்தில் நிறுத்துகிறார். கூட்டுக் குளிசையும் இப்படித்தான். மூன்று மாதத்தில் அன்ரிபயோற்றிக் முந்தும், ஆறு மாதத்தில் இரண்டும் சமமாகும். அதுவரை பென்சொயில் பெரொக்சைட், அடபலீன் போன்ற பூச்சை விடாமல் போட வேண்டும். குளிசை தொடங்கியதும் பூச்சை நிறுத்திவிடுகிறார்கள், அது கூடாது.

இந்த ஆறு மாதக் கணக்கு எங்கள் ஊரில் முட்டுவது கலியாணத்தில். நாள் குறித்த பிறகுதான் முகத்துக்கு மருந்து தேடுகிறோம். தாலி கட்ட மூன்று மாதம் இருக்கும்போது ஸ்பைரோனோலக்டோன் தொடங்கினால், கலியாண வீட்டுக்கு அதன் முழுப் பலன் வராது; பலன் வரும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டில் 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். உடனே பிள்ளை வேண்டும் என்பவர்கள் இதைத் தொடங்கவே வேண்டாம். பிள்ளையைத் தள்ளிப்போடும் எண்ணம் இருந்தால் கூட்டுக் குளிசை முகத்துக்கும் திட்டத்துக்கும் சேர்ந்து உதவும். ஸ்பைரோனோலக்டோனோடு சேர்த்தும் சிலருக்கு எழுதுவார்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர் பிள்ளைக்கு முயலுமுன் குறைந்தது ஒரு மாதம் முன்னதாக வைத்தியரிடம் சொல்லி ஸ்பைரோனோலக்டோனை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சிலருக்குப் பரு திரும்பும். அப்போது கர்ப்பகாலத்திலும் பூசக்கூடிய அசெலைக் அசிட் கிறீமுக்கு மாறலாம். குடும்பநல உத்தியோகத்தர் போலிக் அசிட் குளிசை தரும் நாளில் முகத்துக்குப் பூசும் கிறீமின் பெயரையும் அவரிடம் சொல்லுங்கள். அதில் அடபலீனோ ரெற்றினோயினோ இருந்தால் அதையும் அன்றோடு நிறுத்த வேண்டும்.