வீட்ல படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு பாலியேட்டிவ் (நோயோட வலியும் அவஸ்தையும் குறைக்கற சிகிச்சை) சிஸ்டரை வரவைக்கறது எப்படி

பாலக்காட்டு எல்லைல கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் நம்ம ஆளுங்களுக்கு ஆஸ்பத்திரி கோயமுத்தூர்ல, ரேஷன் கார்டு கேரளாவுல. அங்க டாக்டர் "இனி வீட்ல வெச்சு பாத்துக்கங்க"ன்னு அனுப்பிட்டா அடுத்து யார்கிட்ட போறதுன்னு தெரியாம முழிக்கறாங்க. உங்க பஞ்சாயத்துலயே ஆள் இருக்குங்க. 2008லயே கேரளா அரசு பாலியேட்டிவ் பாலிசி கொண்டுவந்துச்சு, பஞ்சாயத்தும் பிஎச்சியும் (ஆரம்ப சுகாதார நிலையம்) சேந்து நர்ஸை வீட்டுக்கே அனுப்பறாங்க, காசு கிடையாது. எல்லைக்கு அந்தப்பக்கம் பொள்ளாச்சி ஆனைமலைன்னா 2021ல வந்த மக்களைத் தேடி மருத்துவத்துல (வீட்டுக்கே வந்து பாக்கற தமிழ்நாடு அரசுத் திட்டம்) கேளுங்க.

கேரளாப் பக்கம்னா வார்டு ஆஷாகிட்டயோ (ஊர் சுகாதாரப் பணியாளர்) மெம்பர்கிட்டயோ சொன்னா போதும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட்டு, இப்ப சாப்பிடற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரே கவர்ல போட்டு வைங்க. சாகக் கெடக்கறவங்களுக்குத்தான் இதுன்னு நெனச்சு லேட் பண்றாங்க பாருங்க, அதான் எனக்கு கடுப்பு. கேன்சருக்கு கீமோ ஓடறப்பவே கூப்பிடலாம், கிட்னி போனவங்க, வாதம் வந்து படுத்தவங்களுக்கும் வருவாங்க.

சிஸ்டர் மொதல்ல கேக்கறது வலியத்தான். பத்துக்கு எத்தனைன்னு கேட்டா நம்ம அம்மிச்சிங்க "இருக்குது போ"ன்னு முடிச்சுரும், அதனால தாங்கவே முடியாத வலி ஒரு ரூவா, அதாவது பதினாறணான்னா இப்ப எத்தன அணான்னு கேளுங்க, காலைல நாலணா ராத்திரி பன்னெண்டணான்னு டக்குனு வரும், அதை நேரத்தோட நோட்டுல எழுதி வைங்க, டோஸ் மாத்த டாக்டருக்கு அதான் வேணும்.

கடுமையான வலிக்குக் குடுக்கற மார்ஃபின் எல்லா மெடிக்கல்லயும் கெடைக்காது, அனுமதி வாங்குன சென்டர்லதான். சாதா மார்ஃபின் மாத்திரைன்னா வழக்கமா 4 மணி நேரத்துக்கு ஒருக்கா, வலி வரட்டும்னு காத்திருக்காம கடிகாரத்தைப் பாத்து குடுக்கணும். மலச்சிக்கல் அனேகமா எல்லாருக்கும் வரும், அதனால பேதி மாத்திரையும் மொத நாள்ல இருந்தே வேணும், டாக்டர் எழுதலைன்னா கேட்டு வாங்குங்க. மொத ரெண்டு மூணு நாள் தூக்கமா இருப்பாங்க, ஆனா எழுப்பினாலும் எந்திரிக்கலைன்னா, மூச்சு ரொம்ப மெதுவானா உடனே போன் பண்ணுங்க. நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. மார்ஃபின் ஆரம்பிச்சா கதை முடிஞ்சுதுன்னு பாக்க வர்ற சொந்தக்காரங்க சொல்லுவாங்க, வலி குறைஞ்சு உக்காந்து காப்பி குடிக்கறத அவங்களே வந்து பாக்கட்டும்.

படுக்கைப்புண்ணுக்கு 2 மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் படுக்க வைங்க, இடுப்புக்குக் கீழ சிவந்திருந்தா அந்த எடத்தைத் தேய்க்கக் கூடாது, குதிகால் மெத்தைல படாம காலுக்கடியில தலகாணி வைங்க. புண்ணுல நாத்தம் வந்தா மெட்ரோனிடசோல் மாத்திரையப் பொடி பண்ணி எப்படி தூவறதுன்னு சிஸ்டரே காட்டுவாங்க, பெனாயில் ஊதுபத்தியெல்லாம் அப்பறம் தேவைப்படாது.

கடைசி நாள்ல சோறு எறங்காது. பசியில போறாங்களேன்னு வாயில திணிச்சா பொரையேறிடும்ங்க, ஈரத்துணியால ஒதட்டையும் நாக்கையும் நனைச்சு விட்டா போதும். மிஞ்சுன மார்ஃபினை எண்ணி சிஸ்டர்கிட்ட திருப்பிக் குடுத்துருங்க, பக்கத்து வீட்டு மூட்டு வலிக்கெல்லாம் எடுத்து நீட்டாதீங்க.