நாளுக்கு இரண்டே காபிக் கடை: குடும்பத்தோடு இரண்டு நாள் நகரப் பயணம் போவது எப்படி

காபிக் கடைகளைப் பார்ப்பதற்கென்றே ஒரு நகரத்துக்குப் போகிற குடும்பங்கள் பெரும்பாலும் சறுக்குவது பட்டியலில்தான். இணையத்தில் பத்துக் கடைகளைக் குறித்துக்கொண்டு, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று கிளம்புகிறார்கள். தனி ஆளாகப் போனால் அது நடக்கும். கூடவே ஐந்து வயதுக் குழந்தையும் முழங்கால் வலிக்கிற பாட்டியும் வந்தால், மூன்றாவது கடை வாசலிலேயே எல்லோருக்கும் அலுத்துப்போகும். நாளுக்கு இரண்டு கடை போதும். காலையில் ஒன்று, மதியச் சாப்பாடு முடிந்து ஒன்று.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கைந்து பேர் உள்ளே போய், இடம் பிடித்து, ஆர்டர் கொடுத்து, குடித்து, ஒவ்வொருவராக டாய்லெட் போய்விட்டு வெளியே வர ஒரு மணி நேரம் ஆகும். மூன்று கடை என்றால் மூன்று மணி நேரம். நகரத்தைப் பார்க்க வந்துவிட்டு நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் அர்த்தமில்லை. கடை என்பது நடையின் நடுவே கால் ஆறும் இடம். அப்படி வைத்துக்கொண்டால் திட்டம் தானாக அமையும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தங்கும் பகுதி. மேப்பில் ஹோட்டலை வைத்து, அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் மூன்று நான்கு காபிக் கடைகளும், குழந்தைகள் ஓடியாட ஒரு பூங்காவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு நாள் பயணத்தில் நகரத்தின் மறுகோடிக்கு ஒரு தடவைக்கு மேல் போகத் திட்டமிடாதீர்கள். மேப் 12 நிமிட நடை என்று காட்டினால் சின்னக் குழந்தையோடு 25 நிமிடம் என்று எழுதிக்கொள்ளுங்கள். நாய், நீரூற்று, படிக்கட்டு என்று எதைப் பார்த்தாலும் குழந்தை நிற்கும். அந்த நேரத்தையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இறங்கிய அன்று இன்னொரு சிக்கல் உண்டு. ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். காலையிலேயே போய்ச் சேருகிறவர்கள் பெட்டிகளோடு நேராகக் காபிக் கடைக்குப் போய்விடுகிறார்கள். சின்னக் கடையில் இரண்டு பெட்டி இருந்தாலே நடைபாதை அடைத்துக்கொள்ளும், பரிமாறுகிறவர் தடுக்கி விழக்கூடும். பெட்டிகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்வீர்களா என்று ஹோட்டலில் முந்தின நாளே கேட்டுவிடுங்கள்.

கடையைப் படத்தில் படிப்பது

கடைக்காரர் போட்ட படங்களை விட்டுவிட்டு, வாடிக்கையாளர்கள் கடந்த மூன்று மாதத்தில் போட்ட படங்களைப் பாருங்கள். வாசலில் எத்தனை படி? குழந்தையின் தள்ளுவண்டி நுழையும் அகலம் இருக்கிறதா? சாதாரண மேசை நாற்காலியா, உயர ஸ்டூலா? உயர ஸ்டூல் மட்டும் இருக்கிற கடையில் காபி எவ்வளவு நன்றாக இருந்தாலும் குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போக வேண்டாம். ரிவ்யூக்களில் ‘குழந்தை’, ‘டாய்லெட்’ என்ற சொற்களை அந்த ஊர் மொழியில் தேடினால் நட்சத்திர எண்ணிக்கை சொல்லாததை அவை சொல்லும்.

காபியின் தரத்துக்கும் படத்திலேயே தடயம் கிடைக்கும். கவுண்ட்டரில் காபிக்கொட்டை அரைக்கும் கிரைண்டர் இருக்க வேண்டும். விற்பனைக்கு வைத்த காபிக்கொட்டைப் பைகளில் காலாவதித் தேதி மட்டும் போதாது, வறுத்த தேதியும் இருக்க வேண்டும். நேரில் போனதும் காபி மெஷினில் பாலைச் சூடாக்கும் நீராவிக் குழாயைப் பாருங்கள். பால் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருந்தால் அங்கே பால் காபி வேண்டாம். ஒவ்வொரு முறையும் துடைக்கிற கடையில் குழாய் பளபளவென்று இருக்கும்.

நேரமும் முக்கியம். வார இறுதியில் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை கூட்டம் நெரியும். கடை திறந்த முதல் அரை மணி நேரத்தில் போனால் நல்ல மேசை கிடைக்கும், காபி போட்டுத் தரும் பாரிஸ்டாவுக்கும் பேச நேரம் இருக்கும். மதியம் 2 மணிக்குப் பிறகு மறுபடி ஓயும். ஆனால் நல்ல காபிக்குப் பெயர் போன சின்னக் கடைகள் பல மாலை 4, 5 மணிக்கே மூடிவிடுகின்றன, வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் விடுகின்றன. சமையலறை அதற்கும் முன்பே மூடிவிடலாம். குழந்தை பசியோடு இருந்தால் அது பெரிய வித்தியாசம். அதனால் ஒவ்வொரு கடைக்கும் நடக்கும் தூரத்தில் ஒரு மாற்றுக் கடையையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில்

மேசை பிடித்த பிறகுதான் ஆர்டர். ஒருவர் குழந்தைகளோடு உட்காரட்டும், இன்னொருவர் வரிசையில் நிற்கட்டும். சுவரோரம் அல்லது மூலை மேசை நல்லது. குழந்தையைச் சுவர்ப் பக்கம் உட்கார வையுங்கள், சூடான கோப்பையோடு ஆட்கள் நடக்கும் பக்கம் வேண்டாம். கோப்பை வந்ததும் மேசையின் நடுவுக்குத் தள்ளி, கைப்பிடியைக் குழந்தை இல்லாத பக்கம் திருப்பி வையுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சூடான காபி குடிக்கவே கூடாது. 60 டிகிரி செல்சியஸ் திரவம் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் சுட்டுவிடும். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் வேகும். கொட்டிவிட்டால் நனைந்த துணியைக் கழற்றி, குளிர்ந்த குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஐஸோ பற்பசையோ வேண்டாம். முகத்தில் பட்டாலோ, கொப்புளம் கிளம்பினாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

குழந்தைக்கு நுரை பொங்கிய வெறும் பால் கேளுங்கள். பாரிஸ்டாக்கள் காபிக்கான பாலை 55 முதல் 65 டிகிரி வரை சூடாக்குவார்கள், குழந்தைக்கு அது அதிகம். ‘வெதுவெதுப்பாக’ என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்ல வேண்டும், வந்த பிறகு ஆற வைப்பது ஒரு போராட்டம்.

பெரியவர்கள் ஆளுக்கொரு பெரிய லாட்டே வாங்குவதற்குப் பதில் சின்னதாக இரண்டு மூன்று வகை வாங்கிப் பகிர்ந்துகொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் ஒரே கப்புச்சினோவையும் ஒரு கறுப்புக் காபியையும் வாங்கினால் கடைக்குக் கடை ஒப்பிட முடியும். கறுப்புக் காபியைச் சுடச்சுட ஒரு வாய், ஐந்து நிமிடம் கழித்து ஒரு வாய், ஆறியதும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சூட்டில் தெரியாத பழப் புளிப்பும் இனிப்பும் ஆற ஆறத்தான் வெளிவரும். லேசாக வறுத்த கொட்டையில் எலுமிச்சை போன்ற புளிப்பு இருப்பது இயல்பு, கெட்டுப்போனதல்ல. நாக்கை இறுக்கும் புளிப்போ, சாம்பல் போன்ற கசப்போ இருந்தால் அது வறுப்பிலோ தயாரிப்பிலோ பிசகு.

குழந்தைகளுக்கு இங்கே ஒரு வேலை கொடுக்கலாம். அழுத்தத்தில் காபி இறக்கும் எஸ்பிரெஸ்ஸோ மெஷின் தெரியும் இடத்தில் பாதுகாப்பான தூரத்தில் நிறுத்தி, பம்ப் சத்தம் ஆரம்பித்ததும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லுங்கள். சுமார் 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி இறங்க 25 முதல் 30 விநாடி ஆவது வழக்கமான அளவு. 15-க்குள் முடிந்தால் தூள் கரடுமுரடு, புளிக்கும். 40-ஐத் தாண்டினால் தூள் ரொம்ப நைஸ், கசக்கும். எண்ணி முடித்த குழந்தை, அப்பா முதல் வாய் குடித்ததும் முகத்தைப் பார்த்துத் தன் கணிப்பு சரியா என்று சோதிக்கும். வடிகட்டித் தரும் காபி என்றால் இன்னும் நல்ல காட்சி உண்டு. 15 கிராம் தூளில் கொஞ்சம் வெந்நீர் விட்டதும் தூள் உப்பிக் குமிழி விடும். வறுக்கும்போது கொட்டைக்குள் தங்கிய கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய தூளில் அந்தக் குமிழி வராது. எட்டு வயதுக் குழந்தைக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் இல்லை.

இரண்டு கடைக்கு மேல் வேண்டாம் என்பதற்கு, காபியில் இருந்து தூக்கத்தை விரட்டும் கஃபீனும் ஒரு காரணம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன அளவு: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம் வரை, ஒரே தடவையில் 200 வரை. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் நாள் முழுக்கவே 200. 200 மில்லி வடிகட்டிய காபியில் சுமார் 90 மில்லிகிராம் இருக்கும். குழந்தைகளுக்குக் காபி வேண்டாம். கோலாவிலும் டார்க் சாக்லேட்டிலும் கஃபீன் உண்டு என்பதையும் மறக்காதீர்கள். குடித்த கஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நாலரைக்குக் குடித்தால் இரவு ஒன்பதரைக்கும் பாதி உள்ளே இருக்கும். ஹோட்டலில் புது இடம், புதுத் தலையணை, அதோடு இதுவும் சேர்ந்தால் மறுநாள் காலை கெட்டது. இரண்டாவது கடையை மூன்று மணிக்குள் முடியுங்கள், அல்லது கஃபீன் நீக்கிய டீகாஃப் காபி கேளுங்கள். டீகாஃபிலும் கொஞ்சம் கஃபீன் மிச்சம் இருக்கும் என்றாலும் தூக்கத்தைக் கெடுக்கும் அளவு பெரும்பாலானவர்களுக்கு இல்லை.

கொட்டை வாங்குவதைக் கடைசி நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், குடித்ததில் பிடித்தது எது என்று அப்போது தெரிந்திருக்கும். வறுத்து ஒரு வாரம், பத்து நாள் ஆன பையாகப் பாருங்கள். நேற்று வறுத்ததில் வாயு அதிகம், சுவை இன்னும் படிந்திருக்காது. 250 கிராம் போதும், கோப்பைக்கு 15 கிராம் போட்டால் 16 கோப்பை வரும். தூளாக அரைத்து வாங்கினால் மணம் சில நாளில் போய்விடும். வீட்டில் கிரைண்டர் இல்லையென்றால், எந்தப் பாத்திரத்தில் காபி போடுகிறீர்கள் என்று சொல்லி அதற்கேற்றபடி அரைத்துக் கேளுங்கள். பையை அழுத்தினால் அதில் இருக்கும் சின்ன வால்வு வழியாக உள்ளே உள்ள மணம் வெளியே வந்துவிடும், அதனால் பெட்டியில் துணிகளுக்கு மேலே, வால்வு மேல்பக்கம் இருக்கும்படி வையுங்கள்.